சிங்க் அடியில் துர்நாற்றமா? பைப்பை மாற்றும் முன் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்க!

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த சொந்த ஊர் வீட்டை, ஆடிப்பெருக்குக்கோ பொங்கலுக்கோ வந்து திறந்ததும் முகத்தில் அடிக்குமே ஒரு வாடை... திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த புளியஞ்சோலை பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு வெளியூரில் குடியிருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். கொல்லிமலையின் ஆகாய கங்கையிலிருந்து இறங்கி வரும் ஐயாறு வெளியே பாறைகளுக்கு நடுவில் சலசலத்து ஓடும். உள்ளே, சமையலறையிலோ சாக்கடை நாற்றம்!

முதலில் எலி செத்துக் கிடக்கிறதா என்று தேடுவார்கள். அடுத்து, பீங்கான் சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, `பைப் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம்' என்று முடிவுக்கு வருவார்கள். மாற்றுவதில் தப்பில்லை. ஆனால், எதைக் கழற்றிவிட்டு எதை மாட்டுகிறோம் என்பது முக்கியம்.

வளைவில் நிற்கும் தண்ணீர்

சிங்க்கிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாய் ஓரிடத்தில் வளைந்து, கொஞ்சம் மேலேறி, பிறகுதான் சுவருக்குள் போகும். அந்த வளைவுக்குப் பெயர் `டிராப்'. சில வீடுகளில் குப்பி போன்ற `பாட்டில் டிராப்' இருக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கடைசியில் கொஞ்சம் அதிலேயே தங்கிவிடும். வெளியே இருக்கும் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது இந்தத் தண்ணீர்தான். லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775-ல் கழிப்பறைக்காக இப்படியொரு `எஸ்' வடிவ வளைவுக்குக் காப்புரிமை பெற்றார்.

வீடு பூட்டியிருந்தால் இந்தத் தண்ணீர் மெள்ள ஆவியாகிவிடும். பிறகு வாடைக்குத் தடையில்லை. எனவே, சிங்க்கிலும் குளியலறைத் தரையிலுள்ள ஜாலியிலும் ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிறிது நேரத்தில் வாடை அடங்கிவிட்டால், பைப்பில் கோளாறில்லை. செலவும் இல்லை.

ஹாங்காங்கில் நடந்தது

`வெறும் வாடைதானே' என்று விடக் கூடாது. 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது, ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது. விசாரணையில் சந்தேகம் விழுந்த இடங்களில் முக்கியமானது, குளியலறைத் தரையில் தண்ணீரில்லாமல் காய்ந்துபோயிருந்த டிராப்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது, கழிவுக்குழாயிலிருந்த நுண்துளிகள் அவற்றின் வழியே வீட்டுக்குள் இழுக்கப்பட்டிருக்கலாம் என்று கருதப்பட்டது.

பலரும் செய்யும் தவறு

துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு, சுருங்கி விரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றை வாங்கி நேராகச் சுவர் ஓட்டைக்குள் செருகிவிடுவது வழக்கம். விலை குறைவு, வேலையும் சுலபம். ஆனால், வழியில் எங்குமே டிராப் இல்லையென்றால் சாக்கடையோ உறிஞ்சுகுழியோ நேரடியாகச் சமையலறையோடு இணைந்துவிடும். ஹோஸின் மடிப்புகளில் எண்ணெய்ப்பிசுக்கும் சோற்றுப்பருக்கையும் தங்கி, அதுவே தனியாக நாறும். உள்பக்கம் வழவழப்பான பி.வி.சி குழாயும் டிராப்பும்தான் நீண்ட நாளைக்கு நல்லது.

மாற்றும்போது கவனிக்க...

* கழற்றும் முன் அடியில் வாளி வையுங்கள். டிராப்பில் இருக்கும் பழைய தண்ணீர் மொத்தமும் கொட்டும்.

* சுவர் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடிந்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

* நட்டு இறுகிப்போயிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்தால் சிங்க்கையே மாற்ற வேண்டிவரும். துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். அப்படியும் அசையாவிட்டால், ஹேக்ஸா பிளேடால் நட்டை அறுத்தெடுக்கலாம்.

* பழைய கப்ளிங்கைக் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். கை கழுவும் பேசினுக்கு வருவது பெரும்பாலும் 32 மி.மீ. சமையலறை சிங்க்குக்கு அதைவிடப் பெரியது தேவைப்படும்.

* ரப்பர் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, கடைசியாக லேசாக ஒரு திருகு... அவ்வளவுதான் போதும்.

* டிராப்பிலிருந்து சுவருக்குப் போகும் குழாய், ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் சரிந்திருக்க வேண்டும்.

* சிங்க்கை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் கசிவு இருக்கிறது.

அடைப்பை எடுக்க ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வெளியேறும்.

ஊரிலிருந்து கிளம்பும்போது கேஸை மூடினோமா, மெயின் ஸ்விட்சை அணைத்தோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்போம் இல்லையா? அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிங்க்கில் ஒரு சொம்பு தண்ணீர், அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய். எண்ணெய்ப்படலம் மிதப்பதால் தண்ணீர் சீக்கிரம் காயாது. அடுத்த பண்டிகைக்குக் கதவைத் திறக்கும்போது, எலியைத் தேட வேண்டியிருக்காது!