காற்றுதான் வில்லன்! கோல்ப் வீரர்களை கதற விடும் கடலோர மைதானம்

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் கியாவா தீவு என்ற கடற்கரை சுற்றுலாத்தலம் உள்ளது. இங்குள்ள ‘ஓஷன் கோர்ஸ்’ கோல்ப் மைதானம் என்றாலே கில்லாடி வீரர்களுக்கும் கிலிதான். மொத்தம் 18 குழிகள். அதில் 10 குழிகள் அட்லாண்டிக் கடலை ஒட்டியே இருக்கின்றன.

வடிவமைத்தவர் பீட் டை. மணல்மேட்டுக்கு பின்னால் தாழ்வாக அமைக்கத்தான் முதலில் திட்டம் போட்டார். ஆட வருபவர்களுக்கு கடல் தெரிய வேண்டும் என்று மனைவி ஆலிஸ் யோசனை சொல்ல, தரையை உயர்த்தினார். கடல் தெரிந்தது. கூடவே காற்றும் வந்து சேர்ந்தது! வேலை நடக்கும்போதே 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் வேறு தாக்கியது.

இந்த காற்று ஒரே திசையில் அடிப்பதில்லை. நேற்று முதுகில் தள்ளிய காற்று இன்று முகத்தில் அறையும். அதனால் நேற்று போட்ட கணக்கு இன்று உதவாது. உப்புக்காற்றில் சாதாரண புல் கருகிவிடும் என்பதால், உப்பை தாங்கும் பாஸ்பாலம் புல்லை வளர்க்கிறார்கள்.

1991-ல் இங்கு ரைடர் கோப்பை போட்டி நடந்தது. கடைசி நாள், கடைசி ஜோடி, கடைசி குழி. ஜெர்மனி வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் 6 அடி தூரத்தில் இருந்து பந்தை உருட்டினார். விழுந்திருந்தால் 14-14 என்று சமன். கோப்பை ஐரோப்பாவிடமே இருந்திருக்கும். விழவில்லை. 14½-13½ என்று அமெரிக்கா தட்டிச்சென்றது. அவ்வளவு காற்றை சமாளித்தவர், 6 அடியில் கோட்டை விட்டதுதான் பரிதாபம்.

இதே மைதானத்தில்தான் 2021-ல் பில் மிக்கெல்சன் பி.ஜி.ஏ. பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 50.