ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கேட்டிருந்தால்

1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, காசநோய்ச் சிகிச்சையை உலகெங்கும் மாற்றியது. அதுவரை காசநோய் என்றாலே சானடோரியம்தான்: மாதக்கணக்கில் படுக்கை, சத்தான சாப்பாடு, நல்ல காற்று. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் கொஞ்சமும் போதவில்லை. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது, மற்றது வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள், ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்ஸும். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கடி. அப்படியிருந்தும், உடனிருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை.

செவிலியர்கள் சொல்லாமல் வந்து மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அத்தனைக்கும் ஈடுகொடுத்த அந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஆய்வின் பெருமையில் பாதி சேர வேண்டும் என்பேன். ஆனால் எதை அளப்பது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அன்று அது வழக்கமும் இல்லை.

கேட்காததன் விலையைப் பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள். மருந்துக்கு மசியாத காசநோய்க்குப் பல மாதங்கள் கனமைசின் போன்ற ஊசிகளைப் போட்டார்கள். அவை காதைக் கெடுக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். உயிர் பிழைத்தால் போதாதா என்ற எண்ணத்தில் அதைப் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன் 2013இல் இந்தச் சிகிச்சையில் செவித்திறனை இழந்தார். பிறகு, அதே போலப் பாதிக்கப்பட்ட தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயுடன் சேர்ந்து, ஊசிக்கு மாற்றாக வந்த பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று மனுக் கொடுத்தார். 2023 மார்ச்சில் அந்த நீட்டிப்பு நிராகரிக்கப்பட்டது.

ஊசி இல்லாமல் குணப்படுத்த முடியுமா என்று ஆராய்ந்த ‘ஸ்ட்ரீம்’ ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. அந்த ஆய்வில் ஊர்மக்கள் ஆலோசனைக் குழுக்களும் இருந்தன. 2022இல் முடிவு வந்தது. மாத்திரை மட்டும் உண்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு நல்ல பலன், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 71 சதவீதம். கடுமையான காது பாதிப்பு ஊசிப் பிரிவில் 9 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 2.

நோயாளிகளுக்கு வேண்டியதற்கும் ஆய்வாளர்கள் தேடுவதற்கும் உள்ள இந்த இடைவெளி மூட்டுவலியிலும் உண்டு. 2000இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வின்படி, முழங்கால் தேய்மானம் பற்றிய சோதனைகளில் 80 சதவீதத்துக்கு மேல் மருந்துகளைப் பற்றியவை. நோயாளிகளிலோ மருந்து ஆராய்ச்சி இன்னும் வேண்டும் என்றவர்கள் 9 சதவீதம் பேர்தான்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்துச் சோதனைக்கான நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அதில் குறைந்தது ஒருவர் சாதாரணப் பொதுமக்களைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த ஒருவர் அந்த நோயை அனுபவித்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆய்வு குழுவிடம் வரும்போது அதன் கேள்வியும் முடிவாகிவிட்டிருக்கும்.

நாளை காரைக்குடியில் மூட்டுவலி ஆய்வு ஒன்று தொடங்கினால், படிவம் அச்சாவதற்கு முன்பே அங்குள்ள செக்காலைப் பகுதி ஆச்சிமார்களையும், நாளெல்லாம் குனிந்து வேலை செய்யும் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். படி ஏறுவதா, இரவுத் தூக்கமா, எது முதலில் சரியாக வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். அவர்களுடைய பஸ் செலவும் அன்றைய கூலியும் ஆய்வின் செலவுக் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும்.