உங்களுக்குத் தெரியுமா? மடியில் ஒரு கைக்குழந்தை

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கருவறையின் பின்சுவரைப் பாருங்கள். சிவன், உமை, அவள் மடியில் குழந்தை முருகன்! இந்த வடிவத்துக்குச் சோமாஸ்கந்தர் என்று பெயர்; உமையோடும் கந்தனோடும் இருப்பவர் என்றுதான் பொருள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்து, அதாவது சுமார் 1,300 ஆண்டுப் பழமையான குடும்பப் படம் இது.

கல்லில் மட்டுமல்ல, பாட்டிலும் குழந்தையின் வளர்ச்சியைத் தமிழர் கவனித்த அழகே தனி. ஒருவரைக் குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழ் நூல்களில் பத்துப் பருவங்கள். ஐந்தாம் மாதம் கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடினால் செங்கீரை. ஒன்பதாம் மாதம் கைகொட்டினால் சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடை போட்டால் வருகை.

பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குத் திருப்போரூர் கந்தசாமி கோயிலில் முடியிறக்கப் போகிறீர்களா? அப்படியே மாமல்லபுரமும் போய், அந்தக் குழந்தை முருகனை உங்கள் குழந்தைக்குக் காட்டுங்கள்.