பருப்பு வேகவில்லை என்று ஒருவர் சொன்னால்

மாலை ஆறரை மணி. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமுள்ள ஒரு மளிகைக் கடையில் நல்ல கூட்டம். ஓர் அம்மாள், "அண்ணாச்சி, போன வாரம் வாங்கின துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குது" என்கிறார். நம்மவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எல்லாரும் இதைத்தாம்மா வாங்கிட்டுப் போறாங்க, யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்கிறார். அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த மாதம் அவருடைய சாமான் பட்டியலும் அந்தக் கடைக்கு வரவில்லை.

இதே கேள்வி ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுந்தால் நிலைமை வேறு. அங்கே கேட்பவர் அங்கத்தினராகவும் இருக்கலாம். அதாவது, கடையே அவருடையது. 1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத் தொழிலாளர்கள் தொடங்கிய கடையிலிருந்து வரும் ஏற்பாடு இது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. லாபத்தில் பங்கு, வாங்கிய சரக்கின் அளவுக்கு ஏற்ப. நம் சென்னையில் 1904இலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நாம் டி.யு.சி.எஸ். என்று சொல்வது, தொடங்கப்பட்டுவிட்டது. அப்போது அவ்வூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். இப்படிப்பட்ட சங்கத்தில் அங்கத்தினர் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்கலாம். நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டுறவு என்று பெயர்ப் பலகை மாட்டியவுடன் கவுண்டரில் நல்ல பதில் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்வது கடமை என்பது அங்கே விதியிலேயே இருக்கிறது.

நம் கடையில் பொதுக்குழு கிடையாது. வாடிக்கையாளருக்கு இருக்கும் ஒரே ஓட்டு, அடுத்த கடைக்குப் போவதுதான். ஆகவே பதிலை அங்கேயே, அப்போதே சொல்லியாக வேண்டும்.

பருப்பு விஷயத்துக்கே வருவோம். பருப்பு வேகாததற்குக் காரணம் பழைய சரக்காக இருக்கலாம். பழையதும் புதியதும் கலந்திருந்தால் ஒரு பாதி குழையும், மறு பாதி விறைத்து நிற்கும். தண்ணீரும் காரணமாக இருக்கலாம். அடையாறிலும் தியாகராய நகரிலும் பல அடுக்கு வீடுகளில் சமையலுக்கும் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீரில் பருப்பு எளிதில் வேகாது. வேகுமுன் புளி சேர்த்தாலும் அப்படித்தான். எனவே சரியான பதில் இது: "அம்மா, ஒரு கைப்பிடி பருப்பைக் கேன் தண்ணியில வேக வச்சுப் பாருங்க. அதிலேயும் வேகலைன்னா மீதியைக் கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்." நமக்கும் அதனால் லாபம் உண்டு. இருவர் மூவர் திருப்பிக் கொண்டு வந்தால் அந்த மூட்டை எந்த மண்டியிலிருந்து வந்தது என்று பார்த்து, மொத்த வியாபாரியிடம் நாமும் கேட்கலாம்.

விலையைப் பற்றிய கேள்விக்கு, "எங்களுக்கு வர்றதே அப்படித்தான்" என்பது பதில் ஆகாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் சில்லறைச் சரக்குக்கு இல்லை. அதைத் தொடர்ந்துதான் 26 கிலோ அரிசிச் சிப்பம் சந்தைக்கு வந்தது. "ஏன் 26 கிலோ?" என்று அப்போது கேட்காத வீடு இல்லை. இரண்டு வரியில் விளக்கம் சொன்ன கடைக்காரர் மீது சந்தேகம் எழவில்லை. மழுப்பியவர் ஏதோ தில்லுமுல்லு செய்வதாகப் பெயர் வாங்கினார்.

இனி, பல கடைகளில் தொங்கும் "விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகை. இதை இன்றைக்கே கழற்றிவிடுவது நல்லது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறித்திருந்தால் அதற்குள். குறிக்காவிட்டால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் அதே கணக்கில்தான் சேரும். பில்லில் தேதி இருந்தால் அது நமக்கும் சாட்சி. கம்பெனி பாக்கெட்டில் வண்டு இருந்தால், நம் தப்பு இல்லை என்று வாதம் செய்வதைவிட, பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் புகார் எண்ணுக்கு அவர் எதிரிலேயே நாம் போன் போடுவது மேல்.

"கைக்குத்தல் அரிசி வச்சிருந்தா என்ன?", "ராகி மாவு அரைக் கிலோ பாக்கெட்டா போடக் கூடாதா?" என்பவை யோசனைகள். கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கேட்டவர், கேட்ட சரக்கு. ஒரே சரக்கை மூன்று பேர் கேட்டால் ஐந்து கிலோ மட்டும் எடுத்துப் பாருங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடலாம். காரணத்தோடு சொன்னால் யாரும் கோபித்துக் கொள்வதில்லை. "பார்க்கலாம்" என்று மூன்று மாதம் இழுத்தடிப்பதில்தான் வாடிக்கை போகிறது.

கடைப் பையனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நாம் சரக்கு எடுக்க வெளியே போயிருக்கும் நேரத்தில்தான் புகார் வரும். இத்தனை ரூபாய் வரை யாரையும் கேட்காமல் மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு தொகையைச் சொல்லி வைத்து, மாற்றியதை அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி கல்லாக் கணக்குப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தையும் ஒரு தரம் பார்த்துவிடலாம்.