மீட்டர் ஓகே சொல்லுது... ஆன்டெனா வேலை செய்யுதா?

2011 டிசம்பர் 30 காலை. ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் சிக்னல் போனது. இப்படி ஒரு நாளில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தகவல் சொல்ல டவரே தேவைப்படாத வழி ஒன்று உண்டு: ஹாம் ரேடியோ. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத்தின் குழு செய்தது இதைத்தான். தொலைபேசி இல்லாத அந்தமானிலிருந்து தகவல்கள் ஹாம் வழியாக வெளியே வந்தன.

இதற்குப் பெரிய கோபுரம் வேண்டாம். அரசு உரிமம், ஒரு கார் பேட்டரி, ஒரு ரேடியோ, சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி போதும். கம்பியின் ஒரு முனை மொட்டைமாடியில், மறுமுனை தென்னை மரத்தில் (மரம் ஆடும், கொஞ்சம் தொய்வு விடுங்கள். மின்கம்பி பக்கமே போகாதீர்கள்).

20 மீட்டர் ஏன்? 7 மெகாஹெர்ட்ஸில் அது அரை அலைநீளம். 14, 21, 28-லும் அதே கம்பி வேலை செய்யும். உயரம் குறைவாக இருந்தால் 7 மெகாஹெர்ட்ஸ் அலை நேராக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். பகலில் கடலூர்-சிதம்பரம் மாதிரி பக்கத்து ஊர்களுக்கு அதுதான் வசதி.

சிக்கல் இணைப்பில்தான். கேபிள் 50 ஓம். கம்பியின் முனையோ 2,500 ஓம் அளவில் இருக்கும். நேரடியாக இணைத்தால் சக்தி திரும்பி வரும். அதனால் முனையிலேயே ஒரு ஃபெரைட் வளையத்தில் 2-க்கு 14 சுற்று டிரான்ஸ்ஃபார்மர் போடுகிறார்கள். 7 மடங்கு சுற்று என்றால் 49 மடங்கு ஓம். 50-ஐ 49-ஆல் பெருக்கினால் 2,450, கணக்கு சரியாகிவிடும். ரேடியோ பக்கத்தில் ‘ட்யூனர்’ வைத்தால் ரேடியோ சந்தோஷப்படும். ஆனால் கேபிளுக்குள் நடக்கும் இழப்பு அப்படியேதான் இருக்கும்.

சரி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.2 காட்டுகிறது, ஜெயிச்சாச்சா? அவசரப்படாதீங்க. எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால் 25 சதவீத சக்தி திரும்பி வருகிறது, 1.5 என்றால் 4 சதவீதம்தான். ஆனால் திரும்பி வராத சக்தி எல்லாம் வானத்துக்குப் போனது என்று அர்த்தமில்லை. 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டினாலும் மீட்டர் 1 காட்டும், ஆனால் பக்கத்து தெருவுக்குக்கூட குரல் போகாது.

கடலூர் மாதிரி கடற்கரை ஊரில் இது நிஜமான ஆபத்து. உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும், மழைநீர் கேபிளுக்குள் இறங்கும். போகிற அலையையும் திரும்புகிற அலையையும் ஈரக் கேபிளே தின்றுவிடும். மீட்டர் போன வருஷத்தைவிட ‘நல்லா’ காட்டும்!

அதனால் பருவமழைக்கு முன்னால் ஒரு சோதனை. ஆன்டெனா பக்கம் கேபிளைக் கழற்றி, முனையைச் சும்மா விடுங்கள். ரேடியோவை அனுப்ப வைக்காமல், நானோ வி.என்.ஏ. போன்ற சின்னக் கருவியால் 7 மெகாஹெர்ட்ஸில் அளங்கள். நல்ல கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். எகிற வேண்டும். 3 என்று அடங்கி நின்றால், நீங்கள் அனுப்பும் சக்தியில் பாதி கேபிளுக்குள்ளேயே சூடாகிப் போகிறது. புதுக் கேபிள் வாங்குங்கள், இணைப்புகளை நீர்புகாத டேப்பால் நன்றாகச் சுற்றுங்கள்.