மடக்குக் கத்தியின் பூண்

உலக்கையின் நுனியில் இரும்பு வளையம் ஒன்று இருக்கக் காண்கிறோம். அதற்குப் பூண் என்று பெயர். உளியின் மரப்பிடிக்கும் பூண் உண்டு. மரம் பிளந்துவிடாதபடி சுற்றி வளைத்துப் பிடிப்பதே அதன் பணியாகும். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்தியிலும், அலகு பொருந்தியுள்ள தலைப்பக்கத்தில் பளபளப்பான உலோகப் பகுதி ஒன்று உளது. ஆங்கிலேயர் போல்ஸ்டர் எனக் கூறும் அதனையும் நாம் பூண் என்றே வழங்கலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். உலக்கைப் பூண் முழு வளையம். சுற்றி நிற்பதனாலேயே அது கழல்வதில்லை. மடக்குக் கத்தியிலோ அலகு பிடியின் நடுவே மடங்கி இறங்க வழி வேண்டும். ஆதலின் பூணை இரு பாதியாக்கிப் பக்கத்திற்கு ஒன்றாகப் பொருத்துகின்றனர். சுற்றிப் பிடிக்காத பூண் எவ்வாறு கழலாமல் நிற்கிறது?

இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரம் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1624இலேயே அங்குக் கத்தித் தொழிலாளர் கழகம் சட்டப்படி அமைந்தது. 2021இல் மறைந்த ஸ்டான் ஷா போன்ற கைவினைஞர் அண்மைக்காலம் வரை அங்கு மடக்குக் கத்திகளைக் கையாலேயே செய்துவந்தனர். அம்முறையில் ஆன கத்தியைப் பிரித்தால், நடுவில் அலகும், முதுகுப்புறத்தில் எஃகு வில்லும், இவற்றின் இருமருங்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளும் இருக்கும். தகட்டின் வெளிப்புறத்தே பூணும், அதனை அடுத்து மரம், கொம்பு, எலும்பு ஆகியவற்றுள் ஒன்றாலான பிடித்துண்டும் அமையும். அலகு சுழலும் அச்சாணி இரு பூண்களையும் ஊடுருவிச் செல்லும். அழுத்தி வெட்டும்போது எழும் விசையை அவ்வாணியின் வழியே பூண் தாங்குகிறது. ஆணியை வெறும் மரத்தில் இருத்தினால் துளை நாளடைவில் அகன்றுவிடும், அலகு ஆடும், வெட்டும் இடம் தப்பிக் கையில் பாயும்.

பூண் பெரும்பாலும் ஜெர்மன் வெள்ளியால் செய்யப்படும். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றின் கலவை.

தகட்டோடு பூணைப் பற்றாசு வைத்து ஒட்டுவாரும் உளர். ஈயப்பற்று ஏறக்குறைய 190 பாகை சென்டிகிரேடில் உருகிவிடுமாதலால் வேலை எளிது. ஆயினும் பற்றுவைக்குமுன் பூசும் அமிலநீரை நன்கு கழுவாவிடின், அது இடுக்கில் தங்கி உலோகத்தை அரிக்கும். வெள்ளிப்பற்று வலியது, ஆனால் 600 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும், அவ்வெப்பத்தில் பித்தளைத் தகடு விறைப்பிழந்து தொய்ந்துபோம். தொழிற்சாலைகள் சில மின்னாற் பற்றவைக்கின்றன. கைவேலைக்குத் தறையாணியே சிறந்தது என்பது எம் கருத்து.

ஆணியின் முனையைத் தட்டிப் பரப்பி இறுக்குதலைத் தறைதல் என்போம். முதலில் பூணும் தகடும் ஒளி புகாதபடி படியுமாறு இரண்டையும் சமதளமாகத் தேய்க்க வேண்டும். பிடித்துண்டு வந்து முட்டும் விளிம்பையும் அப்போதே நேராக்கிவிட வேண்டும். பொருத்தியபின் அரம் போட்டால் தகடு கீறுண்ணும். பின்னர் இரண்டையும் சேர்த்து இறுக்கி, 1/16 அங்குலத் துளைகள் இரண்டு இடுவர். துளையின் இரு வாய்களையும் கூம்புபோல் சற்றே அகலமாக்குவர். இங்குதான் நுட்பம் இருக்கிறது. பூண் எந்த உலோகமோ அதே உலோகத்தாலான ஆணியைச் செருகி, இருபுறமும் சிறிது நீட்டி விட்டு, சிறு சுத்தியால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுவர். ஓங்கி அடித்தால் ஆணி வளையும். தட்டத் தட்ட ஆணி பருத்துக் கூம்பு முழுவதையும் நிரப்பும். இருபுறமும் கூம்பு இருத்தலால் ஆணி எப்பக்கமும் நழுவ இயலாது.

நீட்டி நிற்பதை அரத்தால் தேய்த்துச் சமமாக்கியபின் ஆணி இருந்த இடமே தெரியாது. கருநிற வளையம் ஒன்று தெரிந்தால், கூம்பு நிரம்பவில்லை என்று கொள்க. அஃது அழகுக் குறை மட்டுமன்று. ஆணி அவ்விடத்தே பூணைப் பற்றவில்லை என்பதற்கு அடையாளம். உட்புறத்தைச் சமமாக்குதல் இன்னும் இன்றியமையாதது. அலகு உரசிச் செல்வது அவ்வழியேயன்றோ!

பிடித்துண்டு பொருத்தப்பட்டபின் இறுதியாக அச்சாணியையும் இவ்வாறே தறைவர். அப்போது தகடுகள் நெருங்கி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளாதிருக்க, அலகின் இருபுறமும் தாள்போன்ற மெல்லிய உலோகத் தகட்டைச் செருகிவைத்துத் தட்டுவர். தட்டி முடித்தபின் அதனை உருவிவிட்டால், அந்த இடைவெளியில் அலகு தடையின்றி மடங்கும்.