பழைய ஜீப்பின் ஓசை காட்டும் பழுது

கொடைக்கானல் கீழ்மலையிலும், போடி மெட்டை ஒட்டிய ஏலத் தோட்டங்களிலும் விளைபொருளைச் சாலைக்குக் கொண்டு சேர்க்க இன்றும் பழைய 'ஃபோர் வீல்' ஜீப்புகள் கைகொடுக்கின்றன. இவ்வண்டிகளில் சத்தம் கேட்டவுடன் பலரும் ஹவுசிங்கைப் பிரித்து, கிரௌன் பினியன் பற்சக்கரங்களை மாற்றி விடுகின்றனர். தேய்ந்தது ஒரு கிராஸ் மட்டுமே என்றால் அச்செலவு முழுதும் வீண். ஓசை எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்று கவனித்தால் பழுது உள்ள இடத்தைப் பெரும்பாலும் விவசாயிகளே கண்டு கொள்ளலாம்.

கிராஸ் தேய்மானம்

வண்டி புறப்படும்போதும், ரிவர்ஸ் கியருக்கு மாற்றும்போதும் 'டங்' என்று அடி விழுந்தால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ்களைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைக்கவும். பிறகு ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருகவும். கிராஸின் இரு பக்கங்களும் சேர்ந்தே அசைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது.

மெதுவாகச் செல்லும்போது 'கீச் கீச்' என்பது கிரீஸ் வறண்டதன் அடையாளம். நான்கு முனைகளிலும் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதிய கிரீஸ் ஏற்றவும். முனைகளில் துருநிறப் பொடி தெரிந்தால் கிரீஸ் பயன் தராது. புதிய கிராஸ்தான் போட வேண்டும்.

இதைத் தள்ளிப் போடக் கூடாது. பழைய ஜீப் வகைகள் சிலவற்றில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னுள்ள ஷாஃப்டையே பிடிக்கிறது. ஃபோர் வீல் போடாமல் சரிவில் நிறுத்திய வண்டியில் பின் கிராஸ் உடைந்தால் கியரும் தாங்காது, கைபிரேக்கும் தாங்காது. உயிருக்கே ஆபத்து.

சக்கர பேரிங்

வேகத்தோடு கூடி, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் மாறாத 'உர்ர்' ஓசை பெரும்பாலும் சக்கர பேரிங்கினுடையது. இடப்புறம் திரும்பும்போது பளு வலப்புறம் சாயும். அப்போது ஓசை கூடினால் வலப்புறச் சக்கரங்களைச் சோதிக்கவும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பின்னரே சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சாலையின் தரை மாறும்போது ஓசையும் மாறினால் அது டயர் ஓசையாக இருக்கும்.

டிஃபரன்ஷியல் ஊளை

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது எழுந்து, விட்டவுடன் மாறும் ஊளை டிஃபரன்ஷியலைக் காட்டும். பிரிப்பதற்கு முன் ஆயில் அளவைப் பார்க்கவும். வண்டி சமதரையில் குளிர்ந்து நிற்கும்போது, பொதுவாக ஆயில் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் கசியும் சீலை மாற்றி, கையேட்டில் கூறியுள்ள தரத்தில் ஆயில் நிரப்பவும். ஹவுசிங்கில் ஊற்றும் ஜி.எல்.-5 ஆயில், பழைய கியர் பாக்ஸ்களின் பித்தளை வளையங்களைக் கெடுக்கக் கூடும். எனவே இரண்டுக்கும் ஒரே ஆயிலை ஊற்ற வேண்டாம். வடித்த ஆயிலில் இரும்புத் துணுக்குகள் வந்தால் தாமதமின்றிப் பிரிக்க வேண்டும்.

தார்ச்சாலையில் ஃபோர் வீல் வேண்டாம்

வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. இந்த வேறுபாட்டைச் சமன் செய்யும் நடு டிஃபரன்ஷியல் இவ்வகை ஜீப்புகளில் இல்லை. சேற்றில் சக்கரம் வழுக்கி ஈடு செய்துவிடும். தார்ச்சாலையில் அது நடவாது. ஷாஃப்டுகள் முறுக்கேறி 'டக்' என்று தெறிக்கும், லீவரும் விடுபடாது. லீவரை அடித்து இழுக்காமல், வண்டியை நேராகச் சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளரும். முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அளவாகவோ, வெவ்வேறு தேய்மானத்துடனோ இருந்தாலும் இத்தொல்லை வரும்.

ஓசை எந்த வேகத்தில், எந்தக் கியரில், எந்தத் திருப்பத்தில் கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். அறுவடைக்கு முன்பே இச்சோதனைகளைச் செய்தால் வீண் செலவைத் தவிர்ப்பதுடன், விளைந்ததைக் காலத்தில் சந்தைக்குச் சேர்த்துப் பயன் பெறலாம்.